ஊக்கமருந்து விதிகள் இறுகியதும் அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர்கள் கொதிப்பது ஏன்?

கேள்வி இது: அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் மோசடியைத் தடுக்க நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்திருக்கிறது. பயிற்சியாளர்களில் பலர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போகிறார்கள். மடியில் கனம் இல்லை என்றால் வழியில் ஏன் பயம்?

கனம் உள்ளவர்கள் இருந்தார்கள். இந்தச் சட்டம் வந்ததே அவர்களால்தான். ஆனால் இன்று குரல் எழுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வகை இல்லை என்பது என் கணிப்பு. அவர்களுடைய கோபம் "மருந்து கொடுக்காதே" என்ற விதியின்மேல் இல்லை. குற்றம் நிரூபணமாகும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது என்பதும், ஆய்வகக் கருவி காணும் அளவுக்குச் சிறிய துகளைக் கண்ணால் கண்டு தவிர்க்க முடியாது என்பதும்தான் அவர்களைக் கொதிக்க வைக்கிறது.

சட்டத்தின் பெயர் குதிரைப் பந்தய நேர்மை மற்றும் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் அமைந்த அமைப்பை எல்லோரும் ஹைசா என்கிறார்கள். 2020 டிசம்பர் 27 அன்று சட்டம் கையெழுத்தானது. பந்தயத் தளங்களின் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தன. ஊக்கமருந்துப் பிரிவு 2023 மார்ச் கடைசியில் தொடங்கிய சில நாளில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று நிறுத்தி வைத்தது. மே 22-ல் மறுபடி ஆரம்பித்தது. மாதிரி எடுப்பது, விசாரிப்பது, வழக்கு நடத்துவது எல்லாம் ஹைவூ என்ற தனிப் பிரிவின் பொறுப்பு. அதற்கு முன் 30-க்கும் மேற்பட்ட மாநில ஆணையங்கள் தங்கள் இஷ்டத்துக்கு விதி வைத்திருந்தன. ஒரே மருந்துக்கு ஒரு மாநிலத்தில் 24 மணி நேர இடைவெளி, பக்கத்து மாநிலத்தில் 48 என்று இருக்கும். ஒரு மாநிலத்தில் தடை வாங்கியவரின் குதிரை மறுநாளே உதவியாளர் பெயரில் ஓடும்.

சட்டத்துக்கு உந்துதல் எது என்று தெரிந்தால்தான் எதிர்ப்பின் ஒரு முக்கியமான வாதம் புரியும். 2020 மார்ச் 9 அன்று ஜேசன் சர்விஸ், ஹோர்ஹே நவாரோ என்ற இரண்டு பெரிய பயிற்சியாளர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள்மேல் மத்திய அரசு வழக்கு போட்டது. சர்விஸின் மேக்சிமம் செக்யூரிட்டி, 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்து, குறுக்கே போனதற்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட குதிரை. 2020 பிப்ரவரி 29-ல் 2 கோடி டாலர் சவூதி கோப்பையில் அதுதான் முதலில் வந்தது. பத்து நாளில் அதன் பயிற்சியாளர் குற்றவாளிக் கூண்டில். நவாரோவுக்கு 5 ஆண்டு, சர்விஸுக்கு 4 ஆண்டு, மருந்து தயாரித்துக் கொடுத்த கால்நடை மருத்துவர் சேத் ஃபிஷ்மனுக்கு 11 ஆண்டு சிறை.

இவர்களைச் சிக்க வைத்தது சிறுநீர்ச் சோதனை இல்லை, தொலைபேசி ஒட்டுக்கேட்பு. எஸ்ஜிஎஃப்-1000 போன்ற அவர்களுடைய மருந்துகளுக்கு அப்போது வழக்கமான சோதனையே கிடையாது. தேடும் பட்டியலில் இல்லாத மருந்து ஆய்வகத்தின் கண்ணில் படாது. பந்தயக் குதிரைகளின் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப் அமர்த்திய தனியார் புலனாய்வு நிறுவனம் திரட்டிய தகவலும் எஃப்.பி.ஐ.யின் விசாரணையும் சேர்ந்துதான் வலை விரிந்தது. "பெரிய திருடனைப் புலனாய்வு பிடித்தது, சோதனைக் குழாய் எங்களைத்தான் பிடிக்கிறது" என்று சிறிய லாயக்காரர்கள் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

விதிகள் மருந்துகளை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று, தடை செய்யப்பட்டவை: குதிரையின் உடம்பில் எந்த நாளிலும், ஓய்வில் இருக்கும்போதும் இருக்கக் கூடாது. இரத்த அணுவைப் பெருக்கும் இபிஓ, அனபாலிக் ஸ்டீராய்டுகள், எலும்பின் இயல்பான புதுப்பிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை எல்லாம் இதில் வரும். முதல் மீறலுக்கே 2 ஆண்டு வரை தடை, 25,000 டாலர் அல்லது மொத்தப் பரிசுத்தொகையில் 25 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். இரண்டாவது, கட்டுப்படுத்தப்பட்டவை: சிகிச்சைக்குத் தேவையான மருந்துகள். பியூட் என்று எல்லோரும் அழைக்கும் ஃபீனைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின் போன்ற வலிநீக்கிகள், மூட்டு ஊசிகள் முதலியன. இவற்றைக் கொடுக்கலாம்; ஓடும் நாளுக்கு முன் உரிய இடைவெளி விட வேண்டும். வலிநீக்கிகளுக்குக் குறைந்தது 48 மணி நேரம், அதுவும் இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மூட்டுக்குள் போடும் ஊசிக்கு பந்தயத்துக்கு முன் 14 நாள், நேரம் குறிக்கும் வேக ஓட்டப் பயிற்சிக்கு முன் 7 நாள்.

நல்ல பயிற்சியாளரும் தவறி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் ஒரு மருந்துக்கு எதிரே போட்டிருக்கும் "கண்டறியும் காலம்" என்பது சோதனைக்காக மருந்து கொடுத்த சில குதிரைகளில் அது எப்போது எல்லைக்குக் கீழே இறங்கியது என்ற கணக்கு. அது "இத்தனை மணி நேரம் கழித்தால் பயமில்லை" என்ற உறுதிமொழி இல்லை. குதிரையின் எடை, சிறுநீரகம், உடம்பின் நீர் அளவு, ஊசியா வாய்வழியா, மூட்டில் ஏற்கெனவே வீக்கம் உண்டா என்பதைப் பொறுத்து மருந்து வெளியேறும் வேகம் மாறும். கண்டறியும் காலத்தின் மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியைக் கால்நடை மருத்துவருடன் உட்கார்ந்து கூட்ட வேண்டும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள்தான் ஓரிரு மணி நேர வித்தியாசத்தில் மாட்டுகிறார்கள்.

மாதிரி எடுப்பது எப்படி என்று பார்த்துவிட்டால் மீதிச் சண்டை புரியும். வென்ற குதிரையும், நடுவர்கள் குறிக்கும் மற்ற சிலவும் ஓடி முடித்ததும் சோதனைக் கொட்டிலுக்குப் போகின்றன. வியர்வை வழியும் குதிரையைக் கழுவி, சில மடக்கு தண்ணீர் கொடுத்து, வட்டமாக நடத்தி ஆற வைப்பார்கள். பிறகு வைக்கோல் பரப்பிய கொட்டிலுக்குள் விட்டு, நீண்ட கம்பின் நுனியில் கோப்பையைப் பொருத்தியபடி ஒருவர் காத்திருப்பார். மெதுவாக விசில் அடிப்பார். விசில் கேட்டால் சிறுநீர் கழிக்க ஓட்டக் குதிரைகள் பழகியிருக்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் கழுத்து நரம்பில் எடுக்கும் இரத்தம் மட்டும் போகும். மாதிரியை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து, எண் ஒட்டி முத்திரையிடுவதைப் பயிற்சியாளரின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுபவர் முத்திரை எண்ணைப் படிவத்தோடு ஒப்பிடாமல் போட்டுவிட்டால், பின்னாளில் மாதிரி மாறிவிட்டது என்று வாதாட வழியே இல்லை.

அந்த மாதிரியைப் படிக்கும் கருவிகள் இன்று எட்டியிருக்கும் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியால் வகுத்தால் கிடைப்பது. அரை டன் குதிரையின் உடம்பில் ஓடும் சுமார் 40 லிட்டர் இரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு மைக்ரோகிராமைத் தொடாது. பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் முதலில் அந்த மருந்தே கொடுக்கவில்லை என்றார். சில நாளில், தோல் நோய்க்குத் தடவிய ஓட்டோமேக்ஸ் களிம்பில் அது இருந்தது என்றார். மூட்டில் போட்ட ஊசியா, தோலில் தடவிய களிம்பா என்ற வாதம் மாதக்கணக்கில் ஓடியது. ஊசியில் இருப்பது பீட்டாமெத்தசோன் அசிடேட், களிம்பில் இருப்பது வேலரேட். ஆய்வகத்தால் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் விதி வடிவத்தைப் பார்க்கவில்லை. பந்தய நாளில் உடம்பில் இருந்தது, அவ்வளவுதான். 2022 பிப்ரவரியில் வெற்றி பறிபோய் மாண்டலூனுக்குப் போனது. குதிரை அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பயிற்சி ஓட்டத்துக்குப் பின் இறந்துவிட்டது.

களிம்பு விஷயத்தில் பாஃபர்டுக்காக வருத்தப்பட எனக்கு மனம் வரவில்லை. களிம்புக் குழாயின் மேலேயே உட்பொருள் அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் தடவியது லாயத்தின் தவறு. ஆனால் கலப்பு என்பது வேறு. 2020-ல் அவருடைய இரண்டு குதிரைகளில் மரத்துப்போக வைக்கும் மருந்தான லிடோகெய்ன் தென்பட்டபோது சொன்ன விளக்கம், உதவியாளர் முதுகு வலிக்கு ஒட்டியிருந்த பட்டையிலிருந்து கை வழியே, நாக்கைக் கட்டும் துணி வழியே போயிருக்கலாம் என்பது. 2018-ல் சாண்டா அனிட்டா டெர்பியில் வென்ற ஜஸ்டிஃபை என்ற குதிரையில் ஸ்கோபாலமைன் தென்பட்டது. அதை கலிஃபோர்னியா ஆணையம் வைக்கோலில் கலந்த ஊமத்தைச் செடியின் வினை என்று ஏற்று வழக்கைக் கைவிட்டது. நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2023 டிசம்பரில் அந்தப் பந்தய வெற்றியை நடுவர்கள் பறித்தார்கள். நம் ஊர் வேலியோரம் முளைக்கும் அதே ஊமத்தை இனம்தான். ஒரு வைக்கோல் கட்டுக்குள் நாலு செடி சிக்கினால் போதும்.

சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் இன்னும் சிக்கலானது. அதை விழுங்கும் மனிதர் உடம்பு அதை உடைப்பதே இல்லை. இரத்தத்தில் சேர்ந்த மருந்து அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. லாயத்தில் வேலை செய்யும் ஒருவர் கழிப்பறை தூரம் என்று கொட்டில் மூலையில் ஒதுங்கிவிட்டால், அந்த வைக்கோலை மெல்லும் குதிரை நாளை சோதனையில் சிக்கலாம். பழைய மருந்து ஐசாக்ஸுப்ரின் விஷயத்தில் இது நெடுநாளாகத் தெரிந்தது. சிகிச்சை பெற்ற குதிரையின் சிறுநீர் கொட்டில் சுவரிலும் தரையிலும் ஒட்டி நின்று, பிறகு அங்கே கட்டப்பட்ட குதிரையில் வாரக் கணக்கு கழித்தும் தென்படும். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போய்த் தங்கும் கொட்டிலில் முன்பு எந்தக் குதிரை நின்றது, அதற்கு என்ன கொடுத்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்? ஆனாலும் விதி ஒன்றுதான்: குதிரையின் உடம்பில் இருப்பதற்குப் பயிற்சியாளரே பொறுப்பு. எப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்.

2023 கோடையில் கோபம் வெடித்த இடம் இதுதான். தடை செய்யப்பட்ட பொருள் ஏ மாதிரியில் தெரிந்தவுடன் தற்காலிக இடைநீக்கம், பெயர் பொதுத்தளத்தில் வெளியீடு, குதிரைகள் ஓட முடியாது. அதைச் சரிபார்க்கும் பி மாதிரியின் முடிவு வர வாரங்கள் ஆகும், விசாரணை அதற்கும் பின்னால். சிறிய லாயத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர் தருகிறார். 10 குதிரை என்றால் மாதம் 30,000. அதில்தான் தீவனம், ஆட்களின் கூலி, காப்பீடு எல்லாம். பயிற்சியாளருக்கு மிச்சம் என்பது பெரும்பாலும் பரிசுப் பணத்தில் வரும் 10 சதவீதம்தான். பெயர் வெளியான மறுநாள் உரிமையாளர்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வேறு லாயத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து நிரபராதி என்று வந்தாலும் அந்தக் குதிரைகள் திரும்பி வருவதில்லை. பெரிய பயிற்சியாளருக்கு வழக்கறிஞரும் நிபுணர் சாட்சியும் அமர்த்தப் பணம் உண்டு. 10 குதிரைக்காரருக்கு நடுவர் மன்ற விசாரணையில் தன் பங்குச் செலவே சுமை.

இந்தக் குறையை ஹைசா கேட்டது. 2023 ஜூலையிலேயே, பி மாதிரி உறுதி செய்யும் வரை இடைநீக்கத்தைத் தள்ளிவைக்க வழி செய்தது. கலப்புக்கு அதிக வாய்ப்புள்ள பொருட்களுக்குத் தண்டனையைக் குறைக்கும் இடமும் விதியில் உண்டு. எதிர்ப்பாளர்கள் விடவில்லை, ஆய்வகத்தையே நம்ப முடியுமா என்று கேட்டார்கள். 2024 தொடக்கத்தில் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது நிறுத்தப்பட்டது. அங்கே நடந்த முறைகேட்டை அதே ஆண்டு பல்கலைக்கழகமே தன் தணிக்கையில் வெளியிட்டது. அந்தக் கேள்வி வீண் கேள்வி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காகித வேலை பற்றிய புலம்பல் பாதி நியாயம். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு சிகிச்சையையும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சியாளரும் தான் கொடுத்ததை எழுதி வைக்க வேண்டும். குதிரை தளத்தை விட்டு பண்ணைக்குப் போனால் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்காரர் பண்ணைக்கே வருவார். காலை 5 மணிக்கு லாயத்தில் நின்று குதிரை ஏற்றும் ஆளுக்கு இது பெரும் தொல்லை. ஆனால் மோசடிக்காரனுக்கு உண்மையில் வலிப்பது இந்தப் பதிவும் பண்ணைச் சோதனையும்தான். இபிஓ போட்டால் அதன் தடயம் சில நாளில் மறையும், பெருகிய சிவப்பணுக்கள் வாரக் கணக்கில் நிற்கும். பந்தய நாளில் மட்டும் சோதித்தால் அவன் சிரித்துக்கொண்டு போவான்.

மூட்டு ஊசிக் கட்டுப்பாட்டில் நான் முழுக்க விதியின் பக்கம். குளம்புக்கு மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டில் ஸ்டீராய்டு இறங்கினால் வீக்கமும் வலியும் போய்விடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் குதிரைக்கு அது தெரியாது. ஓடச் சொன்னால் முழு பலத்தோடு அந்தக் காலை ஊன்றும். ஒவ்வொரு தாவலிலும் ஒற்றைக் காலில் தன் எடையைப் போல் இரண்டரை மடங்கு இறங்குகிற விலங்கு அது. 2018-19 பருவத்தில் சாண்டா அனிட்டா தளத்தில் 30 குதிரைகள் இறந்த பிறகும் "எங்களுக்கு எங்கள் குதிரை தெரியும்" என்று ஊசி இடைவெளியை எதிர்த்தவர்களின் வாதம் எனக்கு ஏற்புடையது இல்லை. இரத்தக் கசிவைத் தடுக்கும் லாசிக்ஸ் விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. பந்தயத்துக்கு 4 மணி நேரம் முன்னால் 150 முதல் 500 மில்லிகிராம் வரை நரம்பில் போடுவது வழக்கம். நுரையீரல் கசிவு உண்மையில் குறைகிறது. சிறுநீராகச் சுமார் 10 கிலோ எடையும் இறங்குகிறது. சிகிச்சையா, வேகம் கூட்டும் உத்தியா என்று இரண்டு தரப்பும் ஒரே மருந்தைக் காட்டிச் சண்டை போடுகிறது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் ஸ்டேக்ஸ் எனப்படும் உயர்தரப் பந்தயங்களுக்கும் 48 மணி நேரத்துக்குள் தடை. மற்ற பந்தயங்களில் மாநிலங்கள் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டன.

எல்லாப் பயிற்சியாளர்களும் எதிரணியில் நிற்கவில்லை. தண்ணீர், வைக்கோல், ஓட்ஸ் என்ற மூன்று சொற்களையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு கூட்டணி 2012 முதல் மத்தியச் சட்டம் கேட்டு வந்தது. கிரஹாம் மோஷன் போன்ற முன்னணிப் பயிற்சியாளர்கள் அதில் இருந்தார்கள். சுத்தமாக ஓட்டி இரண்டாம் இடம் வந்தவனின் கோபம் அவர்களுடையது. எதிர்த்து வழக்காடியது பெரும்பாலும் குதிரைக்காரர்களின் தேசியச் சங்கமான எச்.பி.பி.ஏ.யும் சில மாநிலங்களும். தனியார் அமைப்புக்கு அரசின் அதிகாரத்தைத் தரலாமா என்பதே அவர்களின் கேள்வி. ஐந்தாம் வட்ட மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில் சட்டம் செல்லாது என்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அடுத்த மாதமே சட்டத்தைத் திருத்தியது. ஆறாம், எட்டாம் வட்டங்கள் செல்லும் என்றன. ஐந்தாம் வட்டம் 2024-ல் அமலாக்க அதிகாரம் செல்லாது என்றது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்குகளை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. டெக்சாஸ் இந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. விலையாக, தன் பந்தய ஒளிபரப்பை வெளி மாநிலங்களுக்கு பந்தயம் கட்ட அனுப்பும் உரிமையை இழந்தது.

சண்டை நீதிமன்றத்தில் நடக்க, கவனமான லாயங்கள் வேலை முறையை மாற்றிக்கொண்டுவிட்டன. ஆட்களின் சொந்த மாத்திரை லாயத்துக்குள் வராது. ஓய்வறையில் பூட்டிய பெட்டியில் இருக்கும். நாக்குக் கட்டும் துணி ஒரு குதிரைக்கு ஒன்று, தொடும் முன் புதிய கையுறை. சிகிச்சையில் உள்ள குதிரைக்குத் தனித் தீவனத் தொட்டி, வேறு நிறத்தில். அதைக் கடைசியாகத்தான் தீனி போட்டு முடிப்பார்கள். வெளியூர்க் கொட்டிலில் பழைய வைக்கோலை முழுக்க வாரி எறிந்து, குதிரை நக்கும் உயரம் வரை சுவரைச் சோப்பு நீரில் கழுவிய பிறகே குதிரையை உள்ளே விடுவார்கள். வைக்கோல், சத்துப்பொடி ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்துத் தேதியும் சரக்கு எண்ணும் எழுதி ஒட்டி மூன்று நான்கு மாதம் வைத்திருப்பார்கள். ஊமத்தையோ வேறு எதுவோ என்று ஒரு நாள் நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தக் கைப்பிடிதான் சாட்சி. இவ்வளவுக்கும் ஆகும் செலவு கையுறைப் பெட்டிகளும் கொஞ்சம் உழைப்பும். மனிதர்களுக்கு லாயத்தின் அருகிலேயே கழிப்பறை கட்டுவதுதான் பல தளங்கள் இன்னும் செய்யாத வேலை. அது பயிற்சியாளர் கையில் இல்லை, தள நிர்வாகத்தின் கையில்.

பலன் உண்டா? ஹைசாவின் கீழுள்ள தளங்களில் 1,000 ஓட்டத்துக்குக் குதிரை இறப்பு 2023-ல் 1.23, 2024-ல் 0.90. சட்டத்துக்கு வெளியே நிற்கும் தளங்களில் 2024-ல் 1.76. இதில் எவ்வளவு மருந்து விதியால், எவ்வளவு ஓடுதளப் பராமரிப்பாலும் பந்தயத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையாலும் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன.

இடைநீக்கப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால் அந்த ஆளைத் திருடன் என்று முடிவு கட்டும் முன் எதிரே உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். மெட்ஃபார்மின், லிடோகெய்ன், இருமல் மருந்து என்று மனிதர் உண்ணும், தடவும் பொருளாக இருந்து அளவும் பிக்கோகிராமில் இருந்தால், பி மாதிரியும் விசாரணையும் முடியும் வரை பொறுங்கள். இபிஓ, பிஸ்பாஸ்போனேட், அனபாலிக் ஸ்டீராய்டு என்று இருந்தால் அது வைக்கோல் வழியாகக் குதிரைக்குள் போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மருந்துப் புட்டியோ ஊசியோ லாயத்தில் கைப்பற்றப்பட்டது என்று இருந்தால், அங்கே கலப்பு என்ற வாதத்துக்கே இடமில்லை.